அக்கா வெட்டிய வரிகள்

யாழ்ப்பாணத்து மேடையில் றெக்சன் பேச்சை நடுவில் விட்டு நின்ற அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

இணையத்தளம் செய்யும் இளம் ஆட்கள் வடக்கு முழுவதிலுமிருந்து வந்து கூடிய மாநாடு அது. சிக்னல் மெலிந்த கரையோரங்களிலும் திறக்கக்கூடிய பக்கங்களை எப்படிச் செய்வது என்பது றெக்சனின் பேச்சு. கடலுக்குப் போகிறவர்களுக்கு அன்றன்றைய காற்று நிலவரத்தைச் சொல்லத் தானே செய்த காற்றுப் பக்கத்தைத் திரையில் காட்டப் போனான். திரையில் ஒன்றும் வரவில்லை. "ஸாரிங்க, ஒரு நிமிஷங்க" என்றான். கூட்டம் சிரித்தது. இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து அகதி முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் இந்தியத் தமிழ் அது. அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான்.

கேட்டவர்கள் ஒவ்வொரு பேச்சுக்கும் தங்கள் போனிலேயே கருத்து எழுதினார்கள். அவற்றைப் பேச்சாளர்களுக்குப் பிரித்து அனுப்பும் வேலை ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஜெனிஸ்ராவிடம் வந்தது. அவள் றெக்சனின் அக்கா. மன்னார் ரவுனில் ஒரு அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்கிறவள்.

தம்பிக்கு வந்த கருத்துகளை வாசித்துக்கொண்டு போனவள் ஒரு வரியில் நின்றாள். மீள்குடியேறின ஆள் என்ற இரக்கத்தில் மேடை கொடுக்காதேங்கோ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை அவள் அழித்தாள். பிறகு அதைப்போலக் கடுமையாகத் தொடங்கிய எல்லாவற்றையும், முதல் வரியைப் பார்த்தே அழித்தாள். மிச்சம் இருந்த நல்ல வார்த்தைகளை மட்டும் தம்பிக்கு அனுப்பினாள்.

றெக்சன் அவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். மேடையிலிருந்து இறங்கிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான். வெட்டியது சரிதான் என்று ஜெனிஸ்ரா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

*

காலையில் தோட்டவெளி வீட்டில் றெக்சன் வெள்ளைச் சேர்ட்டை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக்கொண்டு நின்றான். நானாட்டானுக்குப் போக வேண்டும்.

அங்கே கிராமச் சங்கம் ஒன்று நடத்துகிற கணினிப் பயிற்சி நிலையத்துக்கு, தை மாதத்திலிருந்து ஒரு ஆசிரியர் தேவை. நிலையத்துக்குப் பொறுப்பான நடராசா வயல் செய்கிறவர், நிதானமான மனிதர். றெக்சனை ஒருமுறை பார்த்த உடனேயே அவருக்குப் பிடித்துவிட்டது. வேறு ஆட்களும் கேட்கிறார்கள், ஆனாலும் உங்களுடைய முடிவுக்காக இந்தச் செவ்வாய் வரைக்கும் பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

தாய் மாக்கிறட்டுக்கு அந்த வேலையில்தான் ஆசை. பஸ் ஏறினால் மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நானாட்டான். பின்னேரம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான். கணவர் பிலிப்பை முகாம் மண்ணில் புதைத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பியவள் அவள். வீட்டில் யாரும் தூரத்துக்குப் போவதை அவளால் தாங்க முடிவதில்லை.

றெக்சன் வேறு முடிவில் இருந்தான். மாநாட்டுக்கு வந்திருந்த கொழும்புக் கொம்பனி ஒன்று அவனை இன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு ஸ்கைப்பில் கேள்வி கேட்கப் போகிறது. கேட்டவர்களின் கருத்துகளையும் தாங்கள் பார்ப்பதாக அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். இவ்வளவு நல்ல கருத்துகள் வந்த பிறகு அந்த வேலை தவறாது என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கையில் நானாட்டான் ஆட்களைக் காக்க வைப்பது மரியாதையில்லை என்றும், நேரே போய்ச் சொல்லிவிட்டு வருவதே முறை என்றும் தாயிடம் விளங்கப்படுத்தினான்.

மாக்கிறட் யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைப் பலகாரத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், உன்ர விருப்பம் என்றாள்.

ஜெனிஸ்ரா வாசல் படலை வரைக்கும் தம்பியின் பின்னால் போனாள். கருத்துகளின் முழுப் பிரதி கொம்பனிக்கும் போயிருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதை அனுப்பியது குழுத் தலைவர் அமிர்தநாயகம் சேர். அவர் ஒன்றையும் வெட்டியிருக்கமாட்டார்.

"றெக்சன், இன்ரவியூ முடிஞ்ச பிறகு நானாட்டானுக்குச் சொன்னால் என்ன? ஒரு பொழுதுதானே."

"இன்னைக்குச் சொல்லணும்னு அவர் கேட்டிருக்கார் அக்கா. அதோட, பயப்பட என்ன இருக்கு? கருத்தெல்லாம் நீங்கதானே அனுப்பினீங்க."

அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். அந்தச் சிரிப்பைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது பஸ் வந்தது. அவன் ஓடிப்போய் ஏறினான்.

*

ஸ்கைப் கேள்வி நேரத்துக்காக அக்காவும் தம்பியும் ரவுனில் சனூனின் கடையில் சந்தித்தார்கள்.

சனூன் எருக்கலம்பிட்டிக்காரன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரை விட்டுப் போன குடும்பம். அவன் புத்தளத்தில் படித்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்து கொம்பியூட்டர் திருத்தும் கடை போட்டவன். றெக்சனுக்கு இந்தத் தீவில் கிடைத்த முதல் சினேகிதன். காற்றுப் பக்கத்தை முதன்முதலாகப் போனில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போனது சனூனின் மூத்த சகோதரர், அவன் நானா என்று கூப்பிடுகிறவர்தான். கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைக் கூட்டி, லப்டொப்பை மேசையில் வைத்து, சனூன் எல்லாம் ஆயத்தமாக்கி வைத்திருந்தான்.

நானாட்டானில் என்ன நடந்தது என்று ஜெனிஸ்ரா கேட்டாள். நடராசா வருத்தப்பட்டாராம். ஆனாலும் கை குலுக்கி வாழ்த்தினாராம். அவன் அங்கே இருக்கும்போதே கீர்த்தனன் என்ற பையனுக்குப் போன் எடுத்து, வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டாராம்.

ஜெனிஸ்ரா கமராவுக்குத் தெரியாத மூலையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கொன்ஸ்ரன்ரைன், கொம்பனியில் மூத்தவர், மாநாட்டில் முன் வரிசையில் இருந்தவர். பக்கத்தில் ஒரு இளம் பெண் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். தொடக்கம் நன்றாகவே போனது. எங்கே படித்தீர்கள், என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். முகாமில் ஒரு பழைய கொம்பியூட்டரைப் பலர் மாறி மாறிப் பாவித்துப் படித்த கதையை றெக்சன் சொன்னபோது, அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

பிறகு கொன்ஸ்ரன்ரைன், உங்களுக்கு வந்த கருத்துகளில் உங்களை யோசிக்க வைத்தது எது என்று கேட்டார்.

றெக்சன் உற்சாகமாகத் தனக்கு வந்தவற்றைச் சொன்னான். தலைப்பு நல்லது என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊருக்குத் தேவையான பேச்சு என்று எழுதியிருந்தார்கள்.

"கஷ்டமானது ஒண்டும் வரேல்லையோ?"

"இல்லீங்க சேர். எல்லாருமே நல்லாத்தான் எழுதியிருந்தாங்க."

அந்தப் பெண் குனிந்து கையிலிருந்த பேனையைப் பார்த்தாள். கொன்ஸ்ரன்ரைன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, நானும் ஒண்டு எழுதினனான். பேரும் போட்டுத்தான் எழுதினனான். இந்தப் பேச்சு நடுவிலேயே முறிந்துவிட்டது எண்டு தொடங்கும். தொடக்கம் கொஞ்சம் கடுமைதான். ஆனா அதுக்குக் கீழ ஒரு கேள்வி கேட்டிருந்தன்."

றெக்சன் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தான்.

"சிக்னல் இல்லாத நேரம் உங்கட பக்கம், போனில ஏற்கனவே கிடக்கிற காற்று விபரத்தை எடுத்துக் காட்டுது. அது நல்ல யோசனை. ஆனா மேல 'இன்று' எண்டுதான் எழுதியிருக்கு. நேற்றைய காற்றை இண்டைக்கு எண்டு நம்பி ஒருத்தர் வள்ளம் இறக்கினால் என்ன செய்வியள்? இதுதான் என்ர கேள்வி."

 றெக்சன் போனை எடுத்துத் தனக்கு வந்த கருத்துகளை மேலும் கீழும் தேடினான்.

"எனக்கு அது வரலை சேர்."

எல்லாருக்கும் அனுப்பியாகிவிட்டது என்று குழுவினர் தங்களுக்கு அறிவித்திருப்பதாகக் கொன்ஸ்ரன்ரைன் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வரும் என்று இத்தனை நாளும் தான் காத்திருந்ததாகவும், வேலையை உங்களுக்கே கொடுக்கலாம் என்று முதலில் சொன்ன ஆள் தான்தான் என்றும் சொன்னார்.

"மேடையில தடுமாறுறது ஒரு விசயமே இல்ல. ஆனா இண்டைக்குக் காலமையும் உங்கட பக்கத்தைத் திறந்து பாத்தனான். அப்பிடியேதான் கிடக்கு. ஆக்களின்ர உயிரோட சம்பந்தப்பட்ட ஒரு பிழை. அதைச் சொன்ன பிறகும் திருத்தேல்ல. இப்ப கேட்டால் ஒண்டும் வரேல்ல எண்டுறியள். நான் என்ன நினைக்கிறது, சொல்லுங்கோ?"

ஜெனிஸ்ரா பாதி எழுந்தாள். கமராவுக்கு முன்னால் போய், வெட்டியது நான் என்று சொல்ல வேண்டிய நேரம் அது.   அவள் அப்படியே நிற்க, கொன்ஸ்ரன்ரைன் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லி, உங்களை எடுக்க முடியாமல் இருப்பதற்கு வருந்துகிறோம் என்றும் சொன்னார். திரை கறுத்தது.

*

றெக்சன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. லப்டொப்பைக் கிட்ட இழுத்துத் தன்னுடைய காற்றுப் பக்கத்தைத் திறந்து திருத்தத் தொடங்கினான்.

சனூன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். அது ஆறிப்போனது. பழைய காற்று வந்தால் எந்த நாளுடையது என்று பெரிதாகச் சிவப்பில் காட்டும்படியும், இதை நம்பிக் கடலுக்குப் போகவேண்டாம் என்று ஒரு வரி வரும்படியும் மாற்றினான். மாற்றியதைச் சரிபார்த்து ஏற்றிவிட்ட பிறகுதான் கதிரையைத் திருப்பினான்.

"வெட்டினீங்களா அக்கா?"

"ஓம்."

"ஏன்?"

 அவள் தன்னுடைய போனில் இருந்த முழுப் பிரதியைத் திறந்து, அவனுக்கு அனுப்பாமல் அழித்தவற்றை நீட்டினாள். அவன் ஒவ்வொன்றாக வாசித்தான். பேச்சாளர் எங்களைப் பார்க்கவேயில்லை, சுவரைத்தான் பார்த்தார். இந்தியாவிலிருந்து ஆள் கூப்பிட்டனீங்களோ, படம் பார்த்த மாதிரி இருந்தது. இரக்கம் பற்றிய அந்த வரியில் அவன் கொஞ்சம் கூடுதலாக நின்றான். கடைசியாகக் கொன்ஸ்ரன்ரைன் எழுதியதை இரண்டு தரம் வாசித்தான். அது நீளமானது. பேச்சு முறிந்த இடத்துக்குப் பிறகு இவர் சொன்னதில்தான் உண்மையான விஷயம் இருந்தது, இவரோடு வேலை செய்ய விரும்புகிறேன் என்று அது முடிந்தது.

முடிவை ஜெனிஸ்ராவும் இப்போதுதான் வாசித்தாள்.

"மத்தவங்களுக்கும் இப்படி வெட்டினீங்களா?"

"இல்ல."

கோபம் வரும்போது அவனுடைய பேச்சு முழுதாக முகாம் தமிழுக்குப் போய்விடும். இப்போது குரல் உயரவில்லை. பேச்சு மட்டும் போனது.

"அப்ப எனக்கு மட்டும்தான். பாவம், இவன் தாங்க மாட்டான்னு. இரக்கத்துல மேடை குடுத்தாங்கன்னு எழுதினானே ஒருத்தன், அவனும் நீங்களும் என்னைப் பத்தி ஒண்ணாத்தான் நினைச்சிருக்கீங்க."

 நீ திரும்பச் சாப்பிடாமல் கிடப்பாய் என்று பயந்தனான் என்று ஜெனிஸ்ரா மெல்லச் சொன்னாள். அது அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

வாசலில் நின்ற சனூனின் முகம் மாறியிருந்தது. போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றான்.

"நானா மத்தியானம் லுஹர் தொழுதிட்டு வள்ளம் இறக்கப் போறதெண்டு காலமை சொன்னவர்" என்றான். "இப்ப எடுத்தால் போன் போகுதில்ல."

எருக்கலம்பிட்டிக் கரையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். நேற்று கடல் அமைதி. இன்றைக்கு மத்தியானத்திலிருந்து வாடைக் காற்று கிளம்பிவிட்டது. கடைக்கு முன்னால் தெருவில் கட்டியிருந்த நத்தார் தோரணம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. றெக்சன் எழுந்து வெளியே வந்து அதைப் பார்த்தான். திருத்திய பக்கம் சிக்னல் உள்ள போனுக்குத்தான் போய்ச் சேரும். கடலில் இருக்கிறவரின் போனில் பழையதுதான் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் இறங்கினாரா என்று ஒருவருக்கும் தெரியாது. வயது போன ஆட்கள் வானத்தைப் பார்த்து இறங்குவார்கள். ஆனால் சனூனின் நானா இந்தப் பக்கத்தைக் கரையில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டவர்.

சனூன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். கரையில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் தானே போய், என்னுடைய பக்கத்தை நம்பவேண்டாம் என்று சொல்லப்போவதாக றெக்சன் சொன்னான். நானும் வாறன் என்று ஜெனிஸ்ரா பின்னால் வந்தாள்.

"வேணாம்" என்றான் றெக்சன். அவ்வளவுதான்.

*

மாக்கிறட் வறுத்த பயறைச் சுளகில் பரப்பி ஆறவிட்டிருந்தாள். மகள் நேரத்தோடு வந்து நிற்பதைக் கண்டதும் எழும்பினாள்.

ஜெனிஸ்ரா எல்லாவற்றையும் சொன்னாள். நானாட்டான் வேலை போனதையும், கொழும்பு வேலை போனதையும், சனூனின் நானா கடலில் இருப்பதையும், எதனால் இவையெல்லாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.  சொல்லி முடித்ததும், அவர்கள் எழுதினதை வாசி என்றாள் தாய்.

தாய்க்கு முன்னால் அந்த வரிகளை வாசிப்பது ஜெனிஸ்ராவுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.  வாசித்து முடிந்த பிறகு, தாய் அழுவாள் அல்லது ஏசுவாள் என்று ஜெனிஸ்ரா எதிர்பார்த்தாள்.

மாக்கிறட் அமைதியாகக் கேட்டாள். "நீ என்ன எழுதினனி?"

"நானோ?"

"நீயும் அங்கதானே இருந்தனி. தம்பி பேசினதைப் பற்றி நீ என்ன எழுதினனி?"

 ஜெனிஸ்ரா ஒன்றும் எழுதவில்லை. எழுதுவதற்கு அவள் பேச்சைக் கேட்கவுமில்லை. கூட்டம் சிரித்த அந்த நேரத்திலேயே எழும்பி வெளியே போய்விட்டாள். தண்ணீர்ப் போத்தல்களை அடுக்குவதுபோல நடித்துக்கொண்டு, கைதட்டல் கேட்கும் வரைக்கும் விறாந்தையில் நின்றாள்.

"நான் உள்ளுக்கு இருக்கேல்ல அம்மா. கேக்க ஏலாமல் வெளியில போயிட்டன்."

மாக்கிறட் சுளகில் கிடந்த கருகிய பயறுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"அப்பாவுக்குச் சீவன் போகேக்குள்ளயும் நீ குடிசைக்கு வெளியிலதான் நிண்டனி. அண்டைக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. சின்னப் பிள்ளை. ஆனா றெக்சன் உன்னைவிடச் சின்னவன். அவன் அப்பாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு உள்ளுக்கு இருந்தவன் பிள்ள. அவன் தாங்குவான். தாங்க ஏலாதது உனக்குத்தான்."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே ஜெனிஸ்ரா முகத்தைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள்.

வெளியே வேலி ஓலைகள் காற்றில் அடித்துக்கொண்டன. கோவிலில் நத்தார்ப் பாட்டுப் பழகும் பிள்ளைகளின் சத்தம் காற்றோடு வந்து வந்து அறுந்தது. அந்த நேரம் அவளுடைய போன் அடித்தது.

அமிர்தநாயகம் சேர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வடக்கில் இப்படியொரு மாநாடு நடக்க வேண்டும் என்று பல வருஷம் அலைந்து திரிந்து அதை நடத்திக் காட்டியவர். ஜெனிஸ்ராவைக் குழுவில் சேர்த்ததும் அவர்தான்.

கொன்ஸ்ரன்ரைன் தன்னோடு கதைத்ததாகச் சொன்னார். அந்தப் பிள்ளை பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை, கருத்துகள் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று கேட்டாராம்.

"நான் நினைக்கிறன், சிஸ்ரத்தில ஏதோ பிழை நடந்திருக்கு. சிலது போகாமல் நிண்டிருக்கும், என்ன பிள்ள? நீ ஓம் எண்டு சொன்னால் நான் இப்பவே அவருக்கு எழுதிவிடுறன். தம்பியோட இன்னொருக்காக் கதைச்சுப் பாப்பினம்."

ஒரு ஓம் போதும். தம்பிக்கு வேலை திரும்பக் கிடைக்கலாம். அவளுக்கும் ஒரு கறை படாது. ஜெனிஸ்ரா தாயைப் பார்த்தாள். மாக்கிறட் பயறைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

ஓம் என்று சொன்னால் தம்பிக்குத் தெரியாமல் அவனுக்காக இன்னொன்றைச் செய்ததாக ஆகும். அவனிடம் கேட்காமல், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"சிஸ்ரத்தில பிழை இல்ல சேர்" என்றாள். "நான்தான் எடுத்தனான். தம்பிக்குக் கடுமையா எழுதினதை நான் அழிச்சுப்போட்டு அனுப்பினனான். அவனுக்கு ஒண்டும் தெரியாது."

  

பிறகு அவர் கதைத்தபோது பிள்ள என்ற சொல் இல்லை. இது வெளியில் தெரிந்தால் மற்றப் பேச்சாளர்களும் தங்களுக்கு வந்ததைச் சந்தேகிப்பார்கள் என்றார். அதற்காக மறைக்கவும் முடியாது, குழுவுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றார். நாளைக்கே எல்லாவற்றையும் இன்னொருவரிடம் ஒப்படைக்கச் சொன்னார். நடந்ததைக் கொன்ஸ்ரன்ரைனுக்கு அப்படியே எழுதுவதாகச் சொன்னார்.

"ஆனா ஜெனிஸ்ரா, அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்த வேலை எண்டு அவையள் நினைச்சால், நான் அதுக்கு மேல ஒண்டும் செய்ய ஏலாது."

"விளங்குது சேர்."

அவர் வைத்துவிட்டார்.

ஜெனிஸ்ரா றெக்சனுக்குப் போன் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. சனூனுக்கு எடுத்தாள். காற்றின் இரைச்சலுக்குள் அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டனவாம். நானாவுடையது மட்டும் இன்னும் வரவில்லையாம். நானாவின் மனைவி றாபியா கரைக்கு வந்து நிற்கிறாவாம்.

மாக்கிறட் சுளகை உள்ளே கொண்டுபோய் மூடி வைத்தாள். மேல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஓட்டோவுக்குச் சொல்லு என்றாள்.

*

எருக்கலம்பிட்டிக் கரையில் சூரியன் விழுந்து வெளிச்சம் மட்டும் மிச்சமாக இருந்தது. கடல் சாம்பல் நிறத்தில் கொந்தளித்துக் கிடந்தது. ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளி, றாபியாவைச் சுற்றி மணலில் இருந்தார்கள். மாக்கிறட் நேரே அங்கே போனாள். முன்பின் அறிமுகமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய முதுகில் கையை வைத்தாள். றாபியா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

றெக்சன் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லி முடித்துவிட்டான் என்று சனூன் சொன்னான். சிலர் ஏசினார்களாம். ஒருவர் போனைத் தூக்கி மணலில் எறிந்தாராம். அவன் எல்லாவற்றையும் நின்று கேட்டானாம்.

இப்போது றெக்சன் தண்ணீர் ஓரத்தில் தனியே நின்றான். வெள்ளைச் சேர்ட் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. ஜெனிஸ்ரா போய்ப் பக்கத்தில் நின்றாள்.   அலை இருவரின் கால்களையும் நனைத்துவிட்டுப் போனது.

"அக்கா, உங்க போன்ல சார்ஜ் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தாள். அவன் அதில் விளக்கைப் போட்டுக் கடலைப் பார்க்கத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தான். பின்னால் யாரோ மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி அதன் வெளிச்சத்தையும் கடலுக்கு விட்டார்கள். இன்னொருவரும் திருப்பினார். இரைகிற தண்ணீரில் அந்த வெளிச்சம் கொஞ்சத் தூரம்தான் போனது.

அப்போது கிழவர் ஒருவர் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். தனக்கு ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது என்றார்.

கரை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தது. காற்றைத் தவிர ஜெனிஸ்ராவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. போனைப் பிடித்திருந்த தம்பியின் கை களைத்துத் தாழத் தொடங்கியிருந்தது. அவள் அவனுடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். விளக்கு இறங்காமல் நின்றது.